இருகரை ஆங்கிலமும் அண்ணல் அம்பேத்கரும்

கல்வி ஒன்றே நம் மக்களைத் தலைநிமிரச் செய்யும் என்னும் உறுதியோடு தோன்றிய நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நாளில், அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைந்து போற்றுதல் நம் தலையாய கடமையாகும். அவர்தம் வரலாறு பலராலும் பல கோணங்களில் எழுதப்பட்டுள்ளது. போராட்டத் தலைவர், சட்ட மேதை, பொருளியல் அறிஞர், பௌத்தப் பெரியார் என அவரை நாம் அறிவோம். ஆங்கிலத்தை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருவகையாகப் பழகி, அதன் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு நம் மக்களின் உரிமைக்கு ஆயுதமாக்கிய மொழி வல்லுநராக அவரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கொரு காரணம் உண்டு. வெண்ணந்தூர், இராசிபுரம் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் இன்று பொறியியலும் கணினியும் கற்று வெளியூர்களுக்குச் செல்கின்றனர். பள்ளியில் ஆசிரியர் கற்பித்தவாறு 'கலர்' என்னும் சொல்லைக் கணினியில் எழுதினால், அதன்கீழ்ச் சிவப்புக் கோடு விழுகிறது. 'லாரி' என்று நாம் சொல்வதை வெளிநாட்டு நிறுவனத்தார் 'டிரக்' என்கின்றனர். தாம் கற்றது பிழையோ என மயங்கி, நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்கும் இளைஞரை நாம் காண்கிறோம். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வருவோர்க்கு அம்மயக்கம் பிறரினும் மிகுதி. அவர்கள் அண்ணலின் வாழ்வை அறிந்தால் அம்மயக்கம் நீங்கும்.

மறுக்கப்பட்ட மொழியும் கற்ற மொழியும்

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார் பதவி வகித்தவர். படைப்பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். தம் மக்கள் ஆங்கிலத்தில் வல்லவராக வேண்டுமென்று அவர் மிக விரும்பினார். விடியற்காலையில் மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். மொழிபெயர்ப்புப் பயிற்சியும் அளிப்பார்.

பள்ளியிலோ நிலைமை வேறு. சாத்தாராவில் படித்தபோது மற்ற மாணவரோடு சேர்ந்தமர அண்ணலுக்கு இடமில்லை. தாம் கொண்டுவந்த கோணிச் சாக்கில் தனியே அமர்ந்தார். தண்ணீர்க் குழாயைத் தொடவும் உரிமையில்லை. உயர்நிலைக் கல்வியில் வடமொழி பயில விரும்பியபோது, பிறப்பைக் காரணங்காட்டி அது மறுக்கப்பட்டது. ஆகவே பாரசீகம் பயின்றார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்று, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் ஆங்கிலமும் பாரசீகமும் அவருக்குப் பாடங்களாயின.

ஒரு மொழியின் கதவு அடைக்கப்பட்டது. மற்றொரு மொழியின் கதவு திறந்திருந்தது. திறந்த கதவின் வழியே அவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதே அவர் வரலாறு. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகட்கு உதவித்தொகை வழங்க, 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அண்ணல் நியூயார்க் நகரில் கால் வைத்தார்.

அமெரிக்க எழுத்து முறை பிறந்த கதை

அண்ணல் இந்தியாவில் கற்றது பிரிட்டிஷ் ஆங்கிலம். அமெரிக்காவில் கண்டது அதன் தங்கை மொழி எனத்தக்க மற்றொன்று. இவ்விரண்டும் வேறுபட்ட வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி, ஆங்கிலச் சொற்களின் எழுத்து வடிவம் நிலைபெறப் பெரிதும் உதவியது. அமெரிக்கா விடுதலை பெற்றபின், நோவா வெப்ஸ்டர் என்னும் ஆசிரியர், புதிய நாட்டிற்கு மொழியிலும் விடுதலை வேண்டுமெனக் கருதினார். 1758இல் பிறந்த அவர் 1783இல் எழுத்துக்கூட்டல் நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூல் நீலநிற அட்டையால் பெயர்பெற்று, இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. 1828இல் ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியை அவர் வெளியிட்டார். 'கலர்', 'லேபர்', 'ஆனர்' போன்ற சொற்களின் ஈற்றில் உள்ள ஓ-யு-ஆர் என்பதில் யு-வை நீக்கினார். 'சென்டர்', 'தியேட்டர்' ஆகியவற்றில் ஆர்-ஈ என முடிவதை ஈ-ஆர் எனத் திருப்பினார். 'டிஃபென்ஸ்' என்பதில் சி-யை எஸ் ஆக்கினார். நாக்கு, பெண்கள் என்னும் பொருள்தரும் சொற்களையும் ஒலிக்கேற்ப மாற்ற முயன்றார். மக்கள் அவற்றை ஏற்கவில்லை. ஆக, மக்கள் வழக்கு ஏற்றவையே நிலைத்தன.

அந்த நீல அட்டை நூலுக்கு நாம் மறக்கலாகாத மற்றொரு பெருமை உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவித்தல் சட்டப்படி குற்றமாக இருந்தது. அவ்விருளில் பால்டிமோர் நகரில் அடிமைச் சிறுவனாயிருந்த ஃபிரெடரிக் டக்ளஸ், வெப்ஸ்டர் நூலின் எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினார். 1838இல் தப்பிச் சென்று விடுதலை இயக்கத்தின் பெருந்தலைவரானார். அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் கையில் முதன்முதலாகக் கிடைத்த நூலும் அதுவே. பின்னர் அவர் 1881இல் டஸ்கிகீ கல்வி நிலையத்தின் தலைமையை ஏற்று, தம் மக்களுக்குத் தொழிலும் கல்வியும் தந்தார். அவர் மறைந்த 1915இல் அண்ணல் நியூயார்க்கில் மாணவராக இருந்தார். எழுத்துக்கூட்டல் என்பது சிலருக்குப் பொழுதுபோக்கு ஆய்வு. அம்மக்களுக்கோ அது விலங்கை அறுக்கும் அரம்.

நியூயார்க்கில் மூன்றாண்டு

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் கற்ற அளவு வியக்கத்தக்கது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனப் பாடங்களைக் கேட்டார். பிரெஞ்சும் செருமானியமும் தொடக்க நிலையில் கற்றார். ஜான் டூயி, எட்வின் செலிக்மன் ஆகிய பேரறிஞர்கள் அவர்தம் ஆசிரியர்கள். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், இந்தியச் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் பற்றி அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25.

அக்காலத்தில் எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தும் முயற்சி அந்நகரில் சூடாக நடந்துவந்தது. 1906இல் செல்வர் ஆண்ட்ரூ கார்னகியின் பொருளுதவியோடு எளிய எழுத்துமுறைக் கழகம் ஒன்று அமைந்தது. அதன் முதல் தலைவர் பிராண்டர் மாத்யூஸ் கொலம்பியாப் பேராசிரியரே. அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய வடிவில் அச்சிடுமாறு அரசு அச்சகத்திற்கு ஆணையிட்டார். மக்களவையின் எதிர்ப்பால் அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். நாட்டின் தலைவரே ஆணையிட்டும் சொல்லின் வடிவம் பணியவில்லை. எழுத்துமுறை என்பது மாந்தர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வானத்திலிருந்து வந்த எழுத்துமுறை எதுவும் உலகில் இல்லை.

இலண்டனில் பெற்ற பயிற்சி

1916 அக்டோபரில் அண்ணல் இலண்டன் சென்று, பொருளியல் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கல்வி நிலையத்திலும் சேர்ந்தார். உதவித்தொகை முடிந்தமையால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர் அனுப்பிய நூல்களைச் சுமந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் பணியேற்றபோது அமெரிக்கப் பட்டமும் அவரைத் தீண்டாமையிலிருந்து காக்கவில்லை. தங்க ஓர் அறை கிடைக்காமல் வருந்தினார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும் நண்பரின் கடனும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலை முதல் மாலை வரை, பல நாள் அரைவயிற்றோடு, படித்தார்.

அட்லாண்டிக் கடலின் இருகரைகளிலும் கல்விச் சொற்கள் வேறுபடுவதை அவர் வாழ்வே காட்டும். முனைவர் பட்டத்திற்குரிய ஆய்வுரையை இங்கிலாந்தார் 'தீசிஸ்' என்பர். அமெரிக்கர் பெரும்பாலும் 'டிசர்ட்டேஷன்' என்பர். அமெரிக்காவில் வழக்குரைஞர் யாவரும் 'அட்டர்னி' எனப்படுவர். இங்கிலாந்திலோ நீதிமன்றத்தில் வாதிடும் 'பாரிஸ்டர்' வேறு. கட்சிக்காரருக்கு ஆவணம் எழுதி வழிகாட்டும் 'சொலிசிட்டர்' வேறு. அண்ணல் பாரிஸ்டர் ஆனார்.

ரூபாயின் சிக்கல் பற்றி இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ஆய்வுரையைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் திருப்பியனுப்பினர். முடிவுகளைக் கைவிடாமல் சொல்முறையை மட்டும் மாற்றி மீண்டும் அளித்தார், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. கொலம்பியாவிற்குரிய ஆய்வுரை 1925இல் இலண்டன் பதிப்பகத்தாரால் செலிக்மன் முன்னுரையோடு வெளியிடப்பெற்றது, 1927இல் பிஎச்.டி. பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. அமெரிக்கப் பட்டத்திற்குரிய நூல் இங்கிலாந்தில் அச்சேறியமை, அவர் இருகரைக்கும் உரியவர் என்பதற்கு அழகிய சான்றாகும்.

சொல்லில் தளராத உறுதி

1927 மார்ச் 20ஆம் நாள், மகாடு நகரின் சவுதார் குளத்தில் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் அண்ணல் தலைமையில் நீர் பருகினர். இந்திய ஆங்கிலத்தில் குளத்தை 'டேங்க்' என்போம். அமெரிக்கரோ அச்சொல்லைக் கேட்டால் நீர்த்தொட்டியையோ போர் ஊர்தியையோ எண்ணுவர். குளம் பொதுவுடைமையா தனியுடைமையா என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே வழக்கு நடந்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

1936இல் இலாகூரில் நடைபெறவிருந்த மாநாட்டிற்கு, சாதியை ஒழிப்பது பற்றித் தலைமையுரை எழுதினார். அழைத்தவர்கள் சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். அண்ணல் ஒரு காற்புள்ளியை மாற்றவும் இசையவில்லை. மாநாடு கைவிடப்பட்டது. அவரோ அவ்வுரையைத் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். தேர்வாளர் கேட்டபோது சொல்முறையை மாற்ற இசைந்தவர், கொள்கையை அறுக்க வந்தபோது காற்புள்ளியையும் விட்டுத்தரவில்லை. எங்கு வளைவது, எங்கு நிமிர்வது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு இளைஞர்கள் உணர்வார்களாக.

நம்மைக் குறிக்கும் சொல்

அரசு ஏட்டில் நம்மைக் குறிக்கும் சொல்லே இருவகை ஆங்கிலத்தின் வேறுபாட்டை உட்கொண்டது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வட்டமேசை மாநாட்டின்போது நம் மக்களைத் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்னும் பொருளில் 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என ஆட்சியாளர் குறித்தனர். அப்பெயர் இழிவு தருவது, உதவியற்றவர் என்னும் எண்ணத்தை விளைப்பது என அண்ணலும் நம் தமிழகத்துத் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் 1931 நவம்பரில் அளித்த கூட்டு அறிக்கையில் மறுப்புத் தெரிவித்து, மாற்றுப் பெயர்களையும் முன்வைத்தனர். அவற்றுள் ஒன்று 'நான்-கன்ஃபார்மிஸ்ட்' இந்துக்கள் என்பது. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு உட்படாத கிறித்தவரை அந்நாட்டார் அழைத்த பெயரே அது. கேட்போர்க்குப் பழகிய சொல்லால் தம் கருத்தை விளக்கும் நுட்பத்தை இதில் காண்கிறோம்.

பின்னர் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்' என்னும் பெயர் இடம்பெற்றது. பிரிட்டிஷ் சட்ட வழக்கில் 'ஷெட்யூல்' என்பது சட்டத்தின் இறுதியில் இணைக்கப்படும் பட்டியலைக் குறிக்கும். அமெரிக்கர் அச்சொல்லை 'ஸ்கெட்யூல்' என ஒலிப்பர்; அவர்தம் அன்றாட வழக்கில் அது பெரும்பாலும் கால அட்டவணையையே குறிக்கும். நாமும் தமிழில் அட்டவணை என்னும் ஒரே சொல்லை இரண்டிற்கும் ஆள்கிறோம். ஆகவே, அப்பெயரில் தாழ்வைக் குறிக்கும் பொருள் ஏதுமில்லை. பட்டியலில் சேர்க்கப்பட்ட சாதிகள் என்பதே பொருள். 1936இல் அப்பட்டியல் ஆணையாக வெளிவந்தது. 1942இல் நாகபுரியில் அகில இந்தியப் பட்டியல் சாதியார் கூட்டமைப்பை அண்ணல் நிறுவினார். அரசியல் சட்டத்தின் 341ஆம் உறுப்பும், 1950ஆம் ஆண்டின் ஆணையும் அப்பெயரையே தொடர்கின்றன.

இட ஒதுக்கீட்டிற்கு நாம் வழங்கும் 'ரிசர்வேஷன்' என்னும் சொல்லும் இத்தகையதே. அமெரிக்காவில் அச்சொல், பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியைக் குறிக்கும். கறுப்பின மக்கள் முதலியோர்க்கு வாய்ப்பளிக்கும் முறையை அவர்கள் 'அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்' என்பர். வெளிநாட்டவரோடு நம் உரிமையைப் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் நாம் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று கொள்வர்.

அரசியல் சட்டத்தில் இருகரைச் சொற்கள்

1947 ஆகஸ்ட் 29ஆம் நாள் அரசியல் சட்ட வரைவுக்குழு அமைந்தது. அதன் தலைமை அண்ணலைச் சேர்ந்தது. சொற்களை நிறுத்தறியும் அவர்தம் ஆற்றல் முழுமையாக விளங்கியது அப்பணியில்தான்.

நம் நாட்டின் தலைவரைக் குறிக்கும் 'பிரசிடெண்ட்' என்னும் பெயர் அமெரிக்காவை நினைவூட்டுவது. 'பார்லிமெண்ட்', 'பிரைம் மினிஸ்டர்' ஆகியவை இங்கிலாந்தின் வழக்கு. 1948 நவம்பர் 4ஆம் நாள் வரைவைச் சபைமுன் வைத்துப் பேசிய அண்ணல், இரு நாட்டுத் தலைவர்க்கும் பெயர் ஒன்றாயினும் பணி வேறு என்பதைத் தெளிவுபடுத்தினார். நம் குடியரசுத் தலைவர், இங்கிலாந்து அரசரைப் போல நாட்டின் தலைவரே அன்றி ஆட்சியின் தலைவர் அல்லர் என விளக்கினார். 'ஃபெடரேஷன்' என்னாமல் 'யூனியன்' எனக் கொண்டதற்கும் அவ்வுரையில் காரணம் காட்டினார். அமெரிக்க மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து கூட்டாட்சியை அமைத்தன. இந்திய ஒன்றியமோ அத்தகைய உடன்படிக்கையால் விளைந்ததன்று. ஆதலின் எந்த மாநிலமும் பிரிந்து செல்ல உரிமையில்லை என்பது அவர் காட்டிய காரணம்.

உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்பிலோ ஒரு சொற்றொடரே பெரும் வாதத்திற்கு உரியதாயிற்று. முறையான சட்ட நடைமுறை என்னும் பொருளுடைய 'டியூ பிராசஸ்' என்பது அமெரிக்கச் சொற்றொடர். அதன்வழி நீதிமன்றம் சட்டத்தின் நேர்மையையே ஆராயலாம். அரசியல் சட்ட ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைக் கண்டு பேசி வந்தபின் அச்சொற்றொடர் நீக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டு ஜப்பானிய அரசியல் சட்டத்தில் காணப்படும், சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்னும் தொடர் அவ்விடத்தைப் பெற்றது. இருதரப்பு வாதங்களையும் எடுத்துரைத்த அண்ணல் முடிவைச் சபைக்கே விட்டார். ஆயினும் அதனால் மக்களுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 1949 செப்டம்பரில் கைது பற்றிய காப்புரிமைகளைப் புதிய உறுப்பாகக் கொணர்ந்தார். அதுவே இன்றைய 22ஆம் உறுப்பு. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம், அந்நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் எனப் பொருள்விரித்தது. ஒரு சொற்றொடர் மாறினால் ஒரு மனிதனின் சிறைவாசமே மாறக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

எழுத்துக்கூட்டலில் நம் அரசியல் சட்டம் பிரிட்டிஷ் முறையைத் தழுவியது. இதற்கு மாணவர்கள் என்றும் மறவாதிருக்கத்தக்க சான்று ஒன்று உண்டு. 'பிராக்டிஸ்' என்னும் சொல் பெயராக வருகையில் சி என்னும் எழுத்தையும், வினையாக வருகையில் எஸ் என்னும் எழுத்தையும் பெறுவது பிரிட்டிஷ் முறை. அமெரிக்கரோ இரண்டிற்கும் சி-யையே எழுதுவர். தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பில், அதன் வழக்கம் எவ்வடிவிலும் கூடாது எனத் தடுக்குமிடத்தில் அச்சொல் பெயராக நின்று சி பெற்றுள்ளது. விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தரும் 25ஆம் உறுப்பில் அது வினையாக நின்று எஸ் பெற்றுள்ளது. ஒன்று நம்மை இழிவிலிருந்து மீட்ட உறுப்பு. மற்றொன்றின் துணைகொண்டு அண்ணல் பின்னர்ப் பௌத்தம் தழுவினார். இவ்விரு உறுப்புகளையும் மனத்தில் பதித்தவர்க்கு இவ்வெழுத்து வேறுபாடு ஒருநாளும் மறவாது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் உறுப்பிலும் 'லேபர்' என்பது யு என்னும் எழுத்தோடு விளங்குகிறது. அண்ணல் 1936இல் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் ஆங்கிலப் பெயரிலும் அவ்வாறே.

இறுதிக் காலச் சொற்பணி

வாழ்வின் பிற்பகுதியில் அண்ணல் பாலி மொழியில் ஆழ்ந்தார். அதன் இலக்கணத்தையும் அகராதியையும் தொகுத்தார். வடமொழி மறுக்கப்பட்ட சிறுவன், புத்தர் பெருமானின் மொழிக்கு அகராதி தொகுக்கும் அறிஞராக உயர்ந்தது வரலாற்றின் சிறப்பன்றோ! 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். புத்தரைப் பற்றிய தம் பெருநூலின் தலைப்பில் 'தர்மம்' என்னும் வடமொழி வடிவை விடுத்து, 'தம்மம்' என்னும் பாலி வடிவையே எழுதினார். எழுத்துக்கூட்டலில் ஒரு கொள்கை அடங்கியிருக்கக் கூடும் என்பதற்கு இதுவே சான்று. அந்நூல் 1957இல் அவர் மறைவிற்குப்பின் வெளிவந்தது.

1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் இயற்கை எய்தினார். அந்நாளை நாம் 6-12-1956 என எழுதுவோம். அமெரிக்கர் முதலில் திங்களையும் அடுத்து நாளையும் எழுதும் வழக்கினர். ஆகவே அதனை ஜூன் 12 எனப் படிப்பர். வெளிநாட்டுப் படிவங்களை நிரப்புவோர் திங்களின் பெயரை எழுத்தால் எழுதுவது நலம்.

இளைஞர்கள் கொள்ளத்தக்கவை

நம் மாவட்டத்து வாழ்விலேயே இருவகைச் சொற்களும் கலந்து கிடக்கின்றன. நாமக்கல்லின் பெருந்தொழிலாகிய லாரி, அமெரிக்கர்க்கு டிரக். பெட்ரோல் அவர்க்கு 'கேஸ்'; பானெட் அவர்க்கு 'ஹூட்'; ஸ்பேனர் அவர்க்கு 'ரெஞ்ச்'. டயர் என்பதில் நாம் ஒய் எழுதுவோம். அவர்கள் ஐ எழுதுவர். ஓட்டுநர் உரிமத்தைக் குறிக்கும் 'லைசென்ஸ்' என்னும் பெயர்ச்சொல்லின் ஈற்றில் நாம் சி-யும் அவர்கள் எஸ்-உம் எழுதுவர். 'கார்ன்' என்பது இங்கிலாந்தில் பொதுவாகத் தானியத்தைக் குறித்தது. அமெரிக்காவில் கோழித் தீவனத்திற்கு நாம் வாங்கும் மக்காச்சோளத்தைக் குறிக்கும். நமக்கு முதல்மாடியாக இருப்பது அவர்க்கு இரண்டாம் தளம். நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் இதனை மறத்தலாகாது. 'பப்ளிக் ஸ்கூல்' என்பது அமெரிக்காவில் அனைவர்க்குமான அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பொருள் செலுத்திப் படிக்கும் பழம்பள்ளி.

இவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என வினவுவோர் உளர். சொற்களுக்குள்ளும் மேல் கீழ் வகுக்கும் அவ்வழக்கம் நமக்கு வேண்டா. இரண்டும் முறையான ஆங்கிலமே. நம் நாட்டுத் தேர்விலும் அரசு அலுவலகத்திலும் பிரிட்டிஷ் முறையைக் கைக்கொள்க. அமெரிக்க நிறுவனத்திற்கு எழுதுகையில் அவர்தம் முறையை ஆள்க. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்து எழுதாமை ஒன்றே விதி. கணினியின் சிவப்புக் கோட்டைக் கண்டு அஞ்ச வேண்டா. அது அமெரிக்க ஆங்கிலத்திற்கென அமைக்கப்பட்டிருக்கக் கூடும். மொழித் தேர்வில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைக் குறித்தால் அக்கோடு மறையும்.

அகராதி ஒன்றை இல்லந்தோறும் வைத்தல் வேண்டும். தறி ஓடும் வீடாயினும் கூலி வேலைக்குச் செல்வோர் வீடாயினும், நாள்தோறும் ஐந்து சொற்களை அறிந்தால் ஓராண்டில் 1,800 சொற்களுக்கு மேல் நம் உடைமையாகும். பெண்மக்களுக்கும் அவ்வாய்ப்பைச் சமமாக அளித்தல் பெற்றோர் கடமை.

அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் அதன்வழிப் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். அவர் ஏற்றிய விளக்கின் ஒளியில்தான் சிற்றூர்களிலும் பேரூர்களிலும் நம்மைப் போன்ற கழகங்கள் நடைபோடுகின்றன. கோணிச் சாக்கில் தனியே அமர்த்தப்பட்ட சிறுவன் எழுதிய சொற்களின்கீழ் இன்று இந்நாட்டின் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. வெண்ணந்தூர் மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளும் எந்நாட்டார் முன்னும் அஞ்சாது பேசி, பிழையற எழுதி, நம் மக்களுக்காக வாதிடும் ஆற்றல் பெறுவார்களாக!

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!